கைப்பேசி ஒட்டுக்கேட்கிறதா?

வாசகர் கடிதம்:

வணக்கம். எனக்கு வயது 62. ஓய்வு பெற்ற ஆசிரியை. சென்ற வாரம் என் தங்கை வந்து இரண்டு நாள் தங்கியிருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. அதைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். என் போன் பக்கத்து மேசையில்தான் கிடந்தது. நான் எதையும் தேடவில்லை, யாருக்கும் எழுதவும் இல்லை. மறுநாள் காலை முகநூலைத் திறந்தால் முழங்கால் பட்டை விளம்பரம்! அன்றிலிருந்து முக்கியமான பேச்சென்றால் போனை வேறு அறையில் வைத்துவிடுகிறேன். மகன், "இன்காக்னிட்டோவில் பாரும்மா, யாருக்கும் தெரியாது" என்கிறான். மருமகள் சிரிக்கிறாள். இரவில் எல்லா ஆப்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளி மூடிவிட்டுத்தான் படுக்கிறேன். இன்னொன்றும் உண்டு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. தூங்கும் முன் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று போனை எடுத்தால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடுகிறது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொன்ன எனக்கே மனக்கட்டுப்பாடு இல்லையா? பேசாமல் பட்டன் போனுக்கு மாறிவிடட்டுமா?

பதில்:

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது, வலி உங்களுக்கு இல்லை, தங்கைக்கு என்ற வரி. நீங்கள் எதையும் தேடவில்லை, சரி. வலி இருப்பவர் தேடாமல் இருந்திருப்பாரா? அன்று இரவு அவர் தன் போனில், உங்கள் வீட்டு வைஃபையில், "முழங்கால் வலி குறைய" என்று தேடி நாலைந்து பக்கங்களைத் திறந்து பார்த்திருக்கலாம். அவரிடமே கேட்டுப் பாருங்கள். என் ஊகம் சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படித் திறந்த ஒரு பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வாசிக்கக் கட்டுரை வருகிறது. அதோடு விளம்பர நிறுவனங்களின் சின்னச் சின்ன நிரல் துண்டுகளும் வருகின்றன. "இந்த போன், இந்த இணைய முகவரியிலிருந்து, முழங்கால் பட்டை பக்கத்தை இத்தனை நொடி பார்த்தது" என்று ஒவ்வொன்றும் தன் முதலாளிக்குச் செய்தி அனுப்புகிறது. உங்கள் வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லாக் கருவிகளும் வெளியுலகுக்குப் பெரும்பாலும் ஒரே இணைய முகவரியாகத்தான், அதாவது இணைப்புக்குத் தரப்படும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். ஒரே முகவரியிலிருந்து வரும் போன்களை ஒரு குடும்பமாகக் கருதுவது விளம்பரத் தொழிலில் சாதாரண வழக்கம். போதாததற்கு, நீங்களும் தங்கையும் முகநூலில் நண்பர்களாக இருப்பீர்கள். அவர் போனில் உங்கள் எண், உங்கள் போனில் அவர் எண். என்றைக்கோ ஒரு செயலி "தொடர்புகளைப் பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கும், இருவரில் ஒருவர் "சரி" என்று அழுத்தியிருப்பீர்கள். உங்கள் இருவரையும் முடிச்சுப் போட அதுவே போதும். அப்புறம் உங்கள் வயது. 62 வயதுப் பெண்ணுக்கு முழங்கால் பட்டை விளம்பரம் காட்ட, யாரும் எதையும் ஒட்டுக்கேட்கவே தேவையில்லை.

பல செய்தித் தளங்களிலும் இலவசச் செயலிகளிலும் விளம்பர இடத்தை விற்கும் முறை இதைவிட விசித்திரமானது. பக்கம் திறந்து முடிப்பதற்குள், ஏறக்குறைய 100 மில்லிநொடியில், ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. போன் மாதிரி, ஏறத்தாழ எந்தப் பகுதி, என்ன பக்கம், போனுக்கென்று இருக்கும் விளம்பர அடையாள எண் ஆகிய விவரங்கள் ஏலத்தில் உட்கார்ந்திருக்கும் பல நிறுவனங்களுக்கும் போகின்றன. அதிக விலை சொன்னவருக்கு இடம். ஏலத்தில் தோற்றவர்களும் அந்த விவரங்களைப் பார்த்துவிட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். எனக்கு இதில் உறுத்துவது அதுதான். விளம்பரம் காட்டியவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். பார்த்துவிட்டுப் போனவர்கள் யாரென்று தெரியவே தெரியாது.

மைக்குக்கு வருகிறேன். 2018-ல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். ரகசியமாகப் பேச்சைப் பதிந்து அனுப்பிய செயலி ஒன்றுகூட அவர்களுக்குச் சிக்கவில்லை. ஆனால் எதிர்பாராத வேறொன்று சிக்கியது. சில செயலிகள், பயனர் திரையில் செய்வதையே படமாகவும் வீடியோவாகவும் எடுத்து மூன்றாம் நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. எல்லோரும் காதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, வேலை நடந்தது கண்ணில்.

நாள் முழுக்கப் பேச்சைப் பதிவு செய்து அனுப்பினால் பேட்டரி சூடாகும், டேட்டா கரையும். செட்டிங்ஸில் எந்தச் செயலி எவ்வளவு டேட்டா தின்றது என்ற கணக்கு இருக்கிறது, அதில் தெரிந்துவிடும். மைக்கை எந்தச் செயலி தொட்டாலும் திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி எரியும். ஐபோனில் 2020-லிருந்து ஆரஞ்சு நிறத்தில், ஆண்ட்ராய்டில் 12-ஆம் பதிப்பிலிருந்து பச்சை நிறத்தில். பேசிக்கொண்டிருக்கும்போது போனை வேறு அறைக்கு அனுப்புவதை விட, அந்தப் புள்ளி எரிகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது மேல்.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். "ஹே சிரி", "ஓகே கூகுள்" மாதிரி குரல் உதவியாளரை இயக்கி வைத்திருந்தால், அந்த அழைப்புச் சொல்லுக்காக ஒரு சிறிய சிப் எப்போதும் காத்திருக்கும். கடைசிச் சில நொடி ஒலியைப் போனுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் அழித்துவிடும். சிக்கல் என்னவென்றால், பொருந்தாததைச் சில நேரம் பொருந்தியதாக நினைத்து விழித்துக்கொள்ளும். அப்படித் தவறி விழித்த பதிவுகள் சிலவற்றை ஒப்பந்த ஊழியர்கள் கேட்டுத் தரம் பார்த்தார்கள் என்பது 2019-ல் வெளியே வந்தது. அது தொடர்பான வழக்கில், தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே, 9.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ள ஆப்பிள் முன்வந்தது. 2025 ஜனவரியில் அந்தச் செய்தி வந்தபோது, "பார்த்தாயா, நான் அப்பவே சொன்னேன்" என்று என் நண்பர்கள் வரிசையாக அனுப்பினார்கள். தவறுதலாக விழிப்பது வேறு, விளம்பரத்துக்காக ஒட்டுக்கேட்பது வேறு. குரல் உதவியாளரை நீங்கள் பயன்படுத்துவதில்லை என்றால் அணைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

இனி மகன் சொன்ன இன்காக்னிட்டோ, அதாவது உலாவியில் தனியாகத் திறக்கும் ரகசிய ஜன்னல். அது மறைப்பது, அதே போனை எடுத்துப் பார்க்கும் இன்னொருவரிடமிருந்து. ஜன்னலை மூடியதும் தேடல் வரலாறும், உங்களை அடையாளம் காணத் தளங்கள் போனில் விட்டுவைக்கும் குறிப்புகளான குக்கிகளும் போய்விடும், அவ்வளவுதான். நீங்கள் போன தளத்துக்கும், இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் நீங்கள் வந்தது தெரியும். இன்காக்னிட்டோவைத் திறந்ததும் வரும் பக்கத்திலேயே இது எழுதியிருக்கிறது. ஆனால் யார் படிக்கிறார்கள்? இதை வைத்துக் கூகுள் மீது போட்ட வழக்கில், சேர்த்து வைத்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதாக 2024-ல் அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. பேரனுக்குப் பிறந்தநாள் பரிசு தேடும்போது இன்காக்னிட்டோ உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

இரவில் ஆப்களைத் தள்ளி மூடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்தப் பட்டியலில் தெரிவதில் பெரும்பாலானவை ஓடிக்கொண்டிருப்பவை அல்ல. கடைசியாக விட்ட இடத்தின் படத்தோடு உறைந்து நிற்பவை. பேட்டரிக்காக இப்படி மூடத் தேவையில்லை என்று 2016-ல் ஆப்பிளின் மென்பொருள் தலைவரும் ஆண்ட்ராய்டின் தலைவரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். மூடியதை மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருப்பதால் செலவு சில நேரம் கூடத்தான் செய்யும். மூடிவிட்டால் உங்களைக் கவனிப்பது நின்றுவிடுமா என்றால், அதுவும் இல்லை. ஏற்கெனவே கொடுத்த அனுமதி அப்படியே இருக்கும்.

அனுமதி என்று சொன்னேனே, உங்கள் இரவு நேர உழைப்பை ஒரே ஒரு நாள் அங்கே திருப்புங்கள். செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போனால், இருப்பிடம், தொடர்புகள், மைக், கேமரா என்று தனித்தனியாக எந்தெந்தச் செயலிக்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள் என்று வரும். ஒவ்வொன்றையும் பார்த்து "இதற்கு இது எதற்கு?" என்று வகுப்பில் கேட்பது போலக் கேளுங்கள். டார்ச் செயலிக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு? வானிலைச் செயலிக்கு நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டுமா, எந்த ஊர் என்று தெரிந்தால் போதாதா? இப்போதைய போன்களில் துல்லிய இருப்பிடத்தை மறுத்து, தோராயமானதை மட்டும் கொடுக்கலாம். இருப்பிடம் பற்றி இன்னொரு தவறான எண்ணம் உண்டு. "செயற்கைக்கோள் என்னைப் பார்க்கிறது" என்று பலர் நினைக்கிறார்கள். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. அவை நேரத்தைச் சொல்லிக்கொண்டே போகின்றன. குறைந்தது நான்கின் குரலைக் கேட்டு உங்கள் போன் தானே கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அந்த விடையை வெளியே எடுத்துச் செல்வது செயலி. ஆகவே வானத்தைப் பார்க்க வேண்டாம், அனுமதிப் பட்டியலைப் பாருங்கள்.

அதே தனியுரிமைப் பகுதியில், ஆண்ட்ராய்டானால் "விளம்பரங்கள்" என்ற தலைப்பில் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். ஐபோனில் "கண்காணிப்பு" என்பதற்குள் போய், "உங்களைப் பின்தொடரலாமா?" என்று செயலிகள் கேட்கவே கூடாது என்று வைத்துவிடலாம். 2021 ஏப்ரலில் ஆப்பிள் இதைக் கட்டாயக் கேள்வியாக்கியபோது, மனிதரிடம் நேராகக் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்த விளம்பர நிறுவனங்கள் அலறின. இணைய உலாவியில் பின்தொடரும் குக்கிகள் ஐபோனின் சஃபாரியில் 2020-லிருந்தே இயல்பாகத் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸும் பார்த்துக்கொள்ளும். குரோம் நிறுத்தப்போகிறேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கைவிட்டது. அதில் நீங்களேதான் செட்டிங்ஸில் தடுக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தால் விளம்பரம் நின்றுவிடாது. கொஞ்சம் குருடாகும். எனக்கு அது போதும், உங்களுக்கும் போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது, நீங்கள் வெட்கப்பட்டு எழுதிய விஷயம். இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை, இப்படிப்பட்ட செயலிகளைச் செய்யும் தொழிலில் இருக்கும் நாங்கள்தான்.

பள்ளியில் மணி அடிக்கும். பாடம் எவ்வளவு சுவையாகப் போய்க்கொண்டிருந்தாலும் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கு மனக்கட்டுப்பாடு இருந்ததாலா எழுந்தார்கள்? மணி அடித்ததால். உங்கள் போனில் அந்த மணியைக் கழற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் இணையப் பக்கங்களுக்கு அடி இருந்தது. கீழே போனால் "அடுத்த பக்கம்" என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தும் முன் ஒரு கணம், "போதுமா, இன்னும் வேண்டுமா?" என்று மனம் தன்னையே கேட்டுக்கொள்ளும். 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், அடியை நெருங்கும் முன்பே அடுத்ததைக் கொண்டுவந்து ஒட்டிவிடும் முறையை உருவாக்கினார். பயனரின் சிரமத்தைக் குறைப்பதுதான் அவர் நோக்கம். பின்னாளில் அவரே இதற்காக வருத்தப்பட்டு வெளிப்படையாகப் பேசினார். வீடியோ முடிந்ததும் அடுத்தது தானே தொடங்குவதும் இதே சங்கதி. முடிவெடுக்கும் அந்தக் கணத்தை உங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்காத முடிவுக்கு நீங்கள் ஏன் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டும்?

அடுத்தது, அது எப்படி இவ்வளவு சரியாக உங்களுக்குப் பிடித்ததைக் காட்டுகிறது என்பது. "நான் எதற்கும் லைக் போடுவதில்லை" என்று பலர் சொல்வார்கள். லைக் வேண்டியதில்லை அம்மா. விரல் எங்கே நின்றது, எத்தனை நொடி நின்றது, மேலே போய்த் திரும்பி வந்தீர்களா, வீடியோவைப் பாதியில் விட்டீர்களா, கடைசிவரை பார்த்தீர்களா என்பதெல்லாம் பதிவாகிறது. ஒரு சண்டை வீடியோவைப் பார்த்து, "சீ, இதெல்லாம் ஒரு பதிவா" என்று முகம் சுளித்துக்கொண்டே 40 நொடி நின்றீர்கள் என்று வையுங்கள். உங்கள் முகச்சுளிப்பு அதற்குத் தெரியாது. 40 நொடி மட்டும் தெரியும். நாளைக்கு இன்னும் இரண்டு சண்டை வரும். யூடியூப் 2012-ல், எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முதன்மை அளவாக எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அந்த இயந்திரத்துக்குக் கொடுத்த வேலை, உங்களை உட்கார வைப்பது. உங்களுக்கு எது நல்லது என்று பார்க்கும் வேலையை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை.

ஆகவே மனதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கழற்றிய மணியை மாட்டுங்கள். யூடியூப்தான் உங்கள் நேரத்தைத் தின்கிறது என்றால் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் கூகுள் கணக்கில் யூடியூப் பார்வை வரலாற்றை முழுக்க அழித்துவிட்டு, இனிப் பதிய வேண்டாம் என்று நிறுத்திவிடுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து, வரலாறு இல்லாதவர்களுக்கு யூடியூப் முகப்பில் பரிந்துரை எதுவும் வருவதில்லை. வெள்ளைத் திரையும் தேடல் பெட்டியும் நிற்கும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இரவு பத்து மணிக்கு அந்த வெற்றுத் திரையைப் பார்த்து, "நான் எதற்கு வந்தேன்?" என்று யோசிக்கும்போதே பாதி நாட்களில் போனைக் கீழே வைத்துவிடுவீர்கள். தானே அடுத்தது ஓடும் வசதியையும் அணையுங்கள். முகநூலுக்கு இவ்வளவு சுத்தமான வழி இல்லை. செயலியை நீக்கிவிட்டு, உலாவியில் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு போட்டுத் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சலிப்புதான் உங்கள் மணி.

அறிவிப்புகளில் எனக்கு ஒரே விதி. மனிதர் அனுப்பியது ஒலிக்கலாம், இயந்திரம் அனுப்பியது ஒலிக்கக் கூடாது. தங்கையின் செய்தி, மகனின் அழைப்பு, வங்கியின் ஓடிபி இவை இருக்கட்டும். வங்கி இயந்திரம்தானே என்று கேட்காதீர்கள், பண விஷயத்தில் விதிவிலக்கு உண்டு. "உங்களுக்குப் பிடிக்கலாம்", "மூன்று நாளாக வரவில்லையே" வகையறாக்கள் அத்தனையையும் அணைத்துவிடுங்கள். போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடச் சொல்லி எல்லோரும் சொல்லியிருப்பார்கள், நானும் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பட்டன் போன். உங்கள் கடிதத்தைப் படித்தவரை அதற்கு அவசியம் தெரியவில்லை. ஆனால் முடிவு உங்களுடையது. அதற்கு முன் ஒரு வாரம், எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போகிறது என்ற கணக்கைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் "டிஜிட்டல் வெல்பீயிங்", ஐபோனில் "ஸ்க்ரீன் டைம்" என்ற பெயரில் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் முக்கால்வாசி ஒரே ஒரு செயலிக்குள் போயிருந்தால், போனை மாற்றுவதை விட அந்த ஒன்றை மாற்றுவது சுலபம்.

பார்த்த பிறகும் மாறத்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக மாறுங்கள். சிம்மை மாற்றிப் போட்டால் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியும் வந்துவிடும். வாட்ஸ்அப் பெரும்பாலான பட்டன் போன்களில் ஓடாது, ஆகவே குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வங்கிக்கோ மின்னஞ்சலுக்கோ 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும் செயலியைப் பயன்படுத்தினால், முதலில் அதை வேறு வழிக்கு மாற்றிவிட்டுத்தான் பழைய போனைத் தொட வேண்டும். இந்த வரிசை தவறினால் உங்கள் கணக்குக்குள் நீங்களே போக முடியாது. படங்களை வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, ஐபோனானால் தொலைந்த போனைத் தேடித்தரும் "ஃபைண்ட் மை"யை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதுப்போன் போலாக்கும் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். இப்போதைய போன்கள் எல்லாவற்றையும் பூட்டியே சேமிப்பதால், ரீசெட் அந்தப் பூட்டின் சாவியை அழித்துவிடும். உள்ளே இருந்த படங்களை அதன் பிறகு யாராலும் மீட்க முடியாது. கணக்கை நீக்க மட்டும் மறந்துவிடாதீர்கள், போனை வாங்கிக்கொண்டவர் திறக்கும்போது அது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு அடம்பிடிக்கும், அவர் உங்களைத்தான் தேடி வருவார்.